இரைச்சலுக்குள் 24 பிட்கள்

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் எதிரெதிர் வீடுகள் இரண்டிலும் கம்பியில்லா அழைப்பு மணி இருக்கிறது. இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை. ஒரே நிறுவனம், ஒரே மாதிரி. ஆனாலும் இந்த வீட்டுப் பொத்தானை அழுத்தினால் இந்த வீட்டு மணி மட்டுமே அடிக்கிறது. எதிர் வீட்டு மணி வாயைத் திறப்பதில்லை. எப்படி?

"ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி எண் உண்டு" என்பது வழக்கமான பதில். அது சரிதான், ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதிதான் கடினமானது. மணிப் பெட்டிக்குள் இருக்கும் சிறு கம்பியில் அந்தப் பொத்தானின் அலை மட்டும் வந்து மோதுவதில்லை. செல்பேசிக் கோபுரத்தின் அலை, எஃப்.எம். நிலையங்களின் அலை, எல்.இ.டி. விளக்கின் மின்சுற்று கக்கும் குப்பை அலை, கீழே நிற்கும் காரின் டயர் அழுத்த உணரி அனுப்பும் அலை என எல்லாமே அதே கம்பியில் அதே நேரத்தில் மின்சாரத்தைத் தூண்டுகின்றன. இத்தனைக்கும் நடுவிலிருந்து அந்த எண் எப்படி மீட்கப்படுகிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஓர் அழுத்தத்தில் என்ன போகிறது?

மலிவான மணிகளிலும் வாசல்கதவு ரிமோட்களிலும் பரவலாக இருக்கும் ஒரு சில்லின் பெயர் இ.வி.1527. அதையே எடுத்துக்கொண்டு, ஒரே ஓர் அழுத்தத்தைக் கடைசிவரை பின்தொடர்வோம்.

பொத்தானை அழுத்தியதும் இந்தச் சில்லு 24 பிட்களை அனுப்பத் தொடங்குகிறது. பிட் என்பது 0 அல்லது 1. முதல் 20 பிட்கள் அந்தப் பொத்தானின் அடையாளம். அதில் 10 லட்சத்து 48 ஆயிரத்து 576 வேறுபாடுகள் சாத்தியம். ஒரே ரிமோட்டில் பல பொத்தான்கள் இருந்தால், எது அழுத்தப்பட்டது என்பதைக் கடைசி 4 பிட்கள் சொல்கின்றன.

அனுப்பும் முறை மிக எளிமையானது. நொடிக்கு 43 கோடியே 39 லட்சம் முறை அதிரும் ஒரு வானொலி அலையை, அதாவது 433.92 மெகாஹெர்ட்ஸ் அலையை, சில்லு போட்டு அணைக்கிறது. சேதியைச் சுமந்து செல்லும் இந்த அலைக்கு ஊர்தி அலை என்று பெயர். கணக்கை எளிதாக்க, சில்லின் அடிப்படைக் கால அலகு 350 மைக்ரோநொடி என்று வைத்துக்கொள்வோம். 0 என்று சொல்ல, ஊர்தி அலை 1 அலகு எரிந்து 3 அலகு அணைந்திருக்கும். 1 என்று சொல்ல, 3 அலகு எரிந்து 1 அலகு அணைந்திருக்கும். 24 பிட்களுக்கும் முன்னால் ஓர் அறிவிப்பு உண்டு. 1 அலகு எரிந்து, 31 அலகு நீளத்துக்கு மௌனம். "இனி வருவது எண்" என்பது அதன் பொருள்.

எல்லாம் சேர்த்து 128 அலகுகள், அதாவது ஏறத்தாழ 45 மில்லிநொடி. விரல் அரை நொடி பொத்தானில் இருந்தால் முழு எண்ணும் 11 முறை போய்விடும். இந்தத் திரும்பச் சொல்லல் எவ்வளவு முக்கியம் என்பது பின்னால் தெரியும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்றில் 0 என்றோ 1 என்றோ எதுவும் பயணிக்கவில்லை. மிகக் குறுகிய துடிப்பில்கூட ஊர்தி அலை ஒன்றரை லட்சம் தடவைக்குமேல் அதிர்கிறது. போவது அலை. அதை எண்ணாக்குவது ஏற்பி, அதாவது மணிப் பெட்டிக்குள் அலையைப் பெறும் சுற்று, எடுக்கும் முடிவு. அந்த முடிவு தவறாகவும் போகலாம்.

ஏற்பிக்கு அமைதி கிடையாது

பொத்தான் 10 மில்லிவாட் திறனில் அனுப்புகிறது என்று கொள்வோம். ஐரோப்பாவில் இந்த அலைவரிசையில் இத்தகைய கருவிகளுக்கு உரிய உச்சவரம்பு அதுதான். நல்ல ஏற்பி ஒன்று, அதில் லட்சம் கோடியில் ஒரு பங்கு வந்து சேர்ந்தாலும் புரிந்துகொள்ளும். சுவர்களையும் தூரத்தையும் தாண்டி வருவதால் இவ்வளவு உணர்திறன் தேவைப்படுகிறது. பெருக்கிச் சுற்றுகளை வரிசையாக வைத்து இந்தத் துளியை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். சிக்கல் அதில் இல்லை. கூடவே இரைச்சலும் பெரிதாகிறது என்பதில்தான் இருக்கிறது.

இரைச்சல் என்பது வெளியிலிருந்து மட்டும் வருவதல்ல. வெப்பம் இருக்கும் எந்தப் பொருளிலும் எலெக்ட்ரான்கள் ஒழுங்கின்றி அலைபாய்கின்றன. அந்த அலைபாய்தலே ஒரு நுண்ணிய மின்னழுத்தம். பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் இதை அளந்தார். அவருடைய சகா ஹாரி நைக்விஸ்ட் காரணத்தை விளக்கினார். இருவரின் கட்டுரைகளும் 1928-ல் வெளியாயின. எஃப்.எம். வானொலியில் நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தினால் கேட்கும் 'ஸ்ஸ்ஸ்' ஒலியில் இதற்கும் பங்குண்டு. ஏற்பியைக் குளிர்விக்காமல் இது பிறப்பதையே குறைக்க வழியில்லை.

இந்த இரைச்சல் எல்லா அதிர்வெண்களிலும் சமமாகப் பரவியிருக்கிறது. நமக்குச் சாதகமான செய்தி இதுதான். ஏற்பி எவ்வளவு அகலமான அதிர்வெண் பட்டையைத் திறந்து வைக்கிறதோ அவ்வளவு இரைச்சல் உள்ளே வரும். அகலத்தைப் பாதியாக்கினால் இரைச்சலின் திறனும் பாதியாகும். கணக்குப் போட்டே பார்க்கலாம். 0 முதல் 1,000 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் உள்ளே விட்டால், அறை வெப்பநிலையில் வெப்ப இரைச்சல் மட்டுமே நம் துளிச் சமிக்ஞையைப்போல் 400 மடங்கு இருக்கும். அதே ஏற்பி 280 கிலோஹெர்ட்ஸ் அகலத்தை மட்டும் திறந்தால், சமிக்ஞை இரைச்சலைவிட 9 மடங்கு பெரிதாக எழுந்து நிற்கும். ஏற்பியின் பெருக்கிகள் தம் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சலால் இந்த 9 இன்னும் குறையும். ஆனாலும் படம் தலைகீழாகிவிட்டது. சமிக்ஞை துளியும் வலுவாகவில்லை. வேண்டாததை விலக்கியதால் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது.

படிகத்தின்மேல் ஓடும் அலை

வேண்டிய அதிர்வெண்ணை விட்டு மற்றதைத் தடுக்கும் சுற்றுக்கு வடிகட்டி என்று பெயர். 433.92 மெகாஹெர்ட்ஸில் அதைச் செய்ய ஓர் அற்புதமான உறுப்பு இருக்கிறது. அரிசிமணி அளவிலும் கிடைக்கும் அந்த உறுப்புக்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம். அதன் மேற்பரப்பில் சீப்பின் பற்கள் போன்ற உலோகக் கோடுகள் பதித்திருக்கும். மின் அலை அந்தப் பற்களை அடைந்ததும் படிகம் நெளிகிறது. நெளிவு மேற்பரப்பில் ஒலியலையாக ஓடி, மறுமுனைப் பற்களில் மீண்டும் மின் அலையாகிறது. நிலநடுக்கத்தில் பூமியின் மேற்பரப்பில் ஓடும் அலையும் இந்த வகைதான். ராலே பிரபு 1885-ல் இதைக் கணித்துச் சொன்னார். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வைட்டும் வோல்ட்மரும் 1965-ல் இந்தப் பற்களைக் கொண்டு படிகத்தில் அதை எழுப்பிக் காட்டினார்கள்.

காற்றில் நம் ஊர்தி அலையின் நீளம் 69 சென்டிமீட்டர். குவார்ட்ஸ் பரப்பில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓடும் என்பதால், அதே அலை அங்கே 7 மைக்ரானாகச் சுருங்கிவிடுகிறது. பற்களின் இடைவெளி அந்த 7 மைக்ரானுக்குப் பொருந்துமாறு செதுக்கப்பட்டிருக்கும். பொருந்தாத அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

அடுத்த படி 1918-ல் எட்வின் ஆம்ஸ்ட்ராங் கண்ட வழி. ஏற்பியே 423.22 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையை உருவாக்கி, வந்த அலையோடு கலக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 10.7 மெகாஹெர்ட்ஸில் புதிய அலை பிறக்கிறது. போட்டு அணைத்த தாளம் அதில் அப்படியே இருக்கும். பழைய வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்தவர்களுக்கு சூப்பர்ஹெட் என்றால் தெரியும், இது அதுதான். 10.7 மெகாஹெர்ட்ஸ் என்பது எஃப்.எம். வானொலிகளின் இடைநிலை அதிர்வெண். அதற்கென்று கோடிக்கணக்கில் செய்யப்பட்ட பீங்கான் வடிகட்டிகள் மிக மலிவாகக் கிடைப்பதால் மணிக்காரர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். நாம் சொன்ன 280 கிலோஹெர்ட்ஸ் அகலம் அந்த வடிகட்டியின் அகலம்தான்.

இன்னும் குறுக்கினால் இரைச்சல் மேலும் குறையுமே, ஏன் நிறுத்திவிட்டார்கள்? பொத்தான் மலிவானது. அதன் அதிர்வெண் 433.92-லேயே நிற்கும் என்ற உறுதி இல்லை. உற்பத்தி வேறுபாட்டாலும் வெயிலாலும் 75 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகரலாம். வாசலை ரொம்பவும் ஒடுக்கினால் நம் விருந்தாளியே வெளியே நின்றுவிடுவார்.

350 மைக்ரோநொடிக்கு எவ்வளவு பொறுமை?

இனி ஊர்தி அலை தேவையில்லை. அது எப்போது எரிந்தது, எப்போது அணைந்தது என்பது தெரிந்தால் போதும். ஒரு டையோடு அலையின் ஒரு பாதியை மட்டும் கடத்துகிறது. ஒரு மின்தேக்கி முகடுகளின் உயரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஊர்தி மறைந்து, எழுவதும் விழுவதுமான ஒரு மேடுபள்ளக் கோடு கிடைக்கிறது. இதற்குப் பண்பிறக்கம் என்று பெயர்.

கோடு கிடைத்தது, ஆனால் முள்முள்ளாக இருக்கிறது. 280 கிலோஹெர்ட்ஸ் அகல இரைச்சல் அதன்மேல் படர்ந்திருக்கிறது. நம் தகவலோ நொடிக்குச் சில ஆயிரம் முறைதான் மாறுகிறது. ஆகவே இரண்டாவது வடிகட்டி ஒன்று வேண்டும், வேகமான மாற்றங்களை மழுங்கடித்து மெதுவானவற்றை மட்டும் விடுவதற்கு. இதற்கு ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் போதும். மின்தடை வழியாக மின்தேக்கி நிரம்புகிறது. நிரம்ப நேரம் எடுக்கிறது. அந்த நேரம்தான் வடிகட்டியின் பொறுமை.

10 கிலோ ஓம் மின்தடையும் 10 நானோஃபாரட் மின்தேக்கியும் போட்டால், பெருக்கினால் வருவது 100 மைக்ரோநொடி. அந்த நேரத்துக்குள் மின்தேக்கி முழு உயரத்தில் 63 விழுக்காட்டை எட்டும். நம் குறுந்துடிப்பின் 350 மைக்ரோநொடி முடியும்போது 97 விழுக்காட்டுக்கு வந்துவிடும். துடிப்பு உருக்குலையாமல் நிற்கிறது, முட்கள் பெரும்பாலும் மழுங்கிவிடுகின்றன.

மின்தேக்கியைப் பத்தில் ஒன்றாக்கினால் பொறுமை 10 மைக்ரோநொடி. துடிப்பின் ஓரங்கள் கூர்மையாகத் தெரியும், ஆனால் இரைச்சல் முட்களும் துடிப்புகள்போல் தெரியும். பத்து மடங்காக்கினால் பொறுமை 1,000 மைக்ரோநொடி. இரைச்சல் ஏறக்குறைய அடங்கிவிடும்; ஆனால் குறுந்துடிப்பு 30 விழுக்காடு ஏறுவதற்குள் முடிந்துவிடும், நெடுந்துடிப்பும் 65-ஐத் தாண்டாது, இடையிலுள்ள குறுமௌனத்தில் கோடு சரியாகக் கீழே இறங்காது. பிட்கள் ஒன்றோடொன்று குழைந்துவிடும்.

எது சரியான அளவு என்ற கேள்விக்கு இரண்டாம் உலகப் போரின்போது ரேடாருக்காகப் பதில் கிடைத்தது. 1943-ல் ஆர்.சி.ஏ. ஆய்வகத்தின் டி. ஓ. நார்த் ஒரு ரகசிய அறிக்கையில் காட்டினார்: துடிப்பு எவ்வளவு நேரம் இருக்கிறதோ, துல்லியமாக அவ்வளவு நேரம் வந்ததையெல்லாம் கூட்டி, துடிப்பு முடியும் கணத்தில் முடிவெடுப்பதே மிகச் சிறந்தது. குறைவாகக் கூட்டினால் சமிக்ஞையை வீணாக்குகிறோம், அதிகமாகக் கூட்டினால் வெறும் இரைச்சலைச் சேர்க்கிறோம். இன்றைய செல்பேசிகள்வரை இந்த விதி ஆள்கிறது. நம் மலிவு மணியின் ஒரு மின்தடை, ஒரு மின்தேக்கி அதற்கு வெகு தூரமில்லை. சில காசுகளுக்கு இது பெரிய சாதனை என்றே நினைக்கிறேன்.

கோடு எங்கே?

இப்போது கையில் இருப்பது ஓரளவு மென்மையான மேடுபள்ளம். இதை எரிந்தது, அணைந்தது என்று பிரிக்க நடுவே ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்கு மேலே இருந்தால் எரிந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் மிக எளிது. ஏற்பியின் தோல்விகள் பலவும் பிறக்கும் இடம் இதுதான்.

மணிக்கு அருகில் நின்று அழுத்தினால் மேட்டின் உயரம் 1 வோல்ட். தெருமுனையிலிருந்து அழுத்தினால் 0.1 வோல்ட். கோட்டை 0.5 வோல்ட்டில் நிரந்தரமாகப் போட்டால் தெருமுனை மேடு அதைத் தொடவே தொடாது. 0.05-ல் போட்டால் யாரும் அழுத்தாத நேரத்தில் இரைச்சலே கோட்டைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருக்கும். எனவே கோடு சமிக்ஞையைப் பார்த்துத் தானே நகர வேண்டும். எளிய வழி, மேடுபள்ளத்தின் சராசரியைக் கோடாக வைத்துக்கொள்வது. இன்னொரு மின்தடையும், இன்னும் பெரிய மின்தேக்கியும் போட்டால் சராசரி கிடைத்துவிடும்.

ஆனால் நம் குறிமுறையை நினைத்துப் பாருங்கள். 0 என்பது கால்பங்கு நேரமே எரிகிறது. தொடர்ந்து 0-கள் வந்தால் சராசரி கால்பங்கு உயரத்துக்கு இறங்கும், 0.1 வோல்ட் மேட்டுக்குக் கோடு 0.025-ல் நிற்கும். தொடர்ந்து 1-கள் வந்தால் 0.075-க்கு ஏறும். நடுவில் நின்றிருந்தால் இருபுறமும் 0.05 வோல்ட் பாதுகாப்பு இருந்திருக்கும். இப்போது ஒருபுறம் அதில் பாதிதான். அனுப்பும் எண்ணே ஏற்பியின் நடுவுநிலையைக் குலைக்கிறது. அந்த 31 அலகு மௌனம் இன்னும் மோசம். சராசரி அடிமட்டம் வரை சரிந்து, மௌனத்தின் நடுவில் இரைச்சல் பொய்த்துடிப்புகளைக் கிளப்பும்.

இதற்கு இரண்டு தீர்வுகள். ஒன்று ஏற்பியின் பக்கம்: சராசரியை விட்டுவிட்டு, அண்மையில் கண்ட உச்சத்தையும் அடிமட்டத்தையும் நினைவில் வைத்து நடுவில் கோடு போடுவது. மற்றது அனுப்புபவர் பக்கம்: 0 ஆனாலும் 1 ஆனாலும் பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணைந்திருக்கும்படி குறிமுறையையே மாற்றுவது. எரிந்து அணைந்தால் ஒன்று, அணைந்து எரிந்தால் மற்றது. சராசரி எப்போதும் நடுவிலேயே நிற்கும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடக்ககாலக் கணினியின் காந்த உருளையில் தகவல் எழுதப் பயன்பட்ட முறை இது. மான்செஸ்டர் குறிமுறை என்றே பெயர். பெறுபவரின் கஷ்டத்தை அனுப்புபவர் முன்கூட்டியே சுமப்பது என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான எண்ணம்.

கோடு சரியான இடத்தில் இருந்தாலும் ஒரு தொல்லை மிஞ்சும். மேடு கோட்டைக் கடக்கும் கணத்தில் சிறு இரைச்சல் அதை மேலும் கீழும் ஆட்ட, ஒருமுறை கடந்தது ஐந்தாறு முறை கடந்ததுபோல் தெரியும். ஆகவே ஏறும்போது சற்று உயரமாகவும் இறங்கும்போது சற்றுத் தாழ்வாகவும் இரண்டு கோடுகள் வைக்கிறார்கள். இந்தச் சுற்றை 1930-களில் உருவாக்கியவர் ஆட்டோ ஷ்மிட் என்ற அமெரிக்க மாணவர். கணவாயின் நரம்பில் மின்துடிப்பு எப்படிப் பயணிக்கிறது என்ற ஆய்வில் ஈடுபட்டிருந்தபோது அவருக்கு இது தோன்றியது. இன்று அவர் பெயர் தாங்கிய சுற்று இல்லாத மின்னணுக் கருவியைக் காண்பது கடினம்.

காலப்பிரமாணம்

எரிந்த நேரமும் அணைந்த நேரமும் தெரிந்துவிட்டன. இவற்றை 350, 1,050 என்று கடிகாரம் வைத்து ஒப்பிடலாமா? முடியாது. பொத்தானுக்குள் கால அலகைத் தீர்மானிப்பது ஒரே ஒரு மின்தடை. பேட்டரி தளர்ந்தால் அலகு மாறும், குளிரில் மாறும், அடுத்த பொத்தானில் வேறாக இருக்கும்.

கச்சேரியில் பாடகர் எந்தக் காலப்பிரமாணத்தில் எடுத்தாலும் மிருதங்கக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு விடுவார்; அட்சரங்களுக்கு இடையிலுள்ள விகிதம் மாறாது என்பதே அவருக்குப் பிடி. ஏற்பியும் அதைத்தான் செய்கிறது. எரிந்த நேரம் அணைந்த நேரத்தைவிட நீண்டதா? அப்படியானால் 1. குறைந்ததா? அப்படியானால் 0. மௌனம் எரிந்த நேரத்தைப்போல் ஏறத்தாழ 30 மடங்கா? அப்படியானால் புது எண் தொடங்குகிறது. கடிகாரமே வேண்டாம்.

விகிதம் ஏன் ஒன்றுக்கு மூன்று என்பதும் இப்போது விளங்கும். கோடு கொஞ்சம் உயர்ந்துவிட்டால் எரிந்த நேரம் குறைவாகவும் அணைந்த நேரம் கூடுதலாகவும் தெரியும். 1,050-ம் 350-ம், 950-ம் 450-ம் ஆகலாம். ஆனாலும் எது பெரிது என்பதில் ஐயமில்லை. வடிகட்டியும் கோடும் செய்யும் பிழைகளுக்கு இடம் விட்டே அந்த விகிதம் வைக்கப்பட்டிருக்கிறது.

இனி 11 முறை திரும்பச் சொன்னதற்கு வருவோம். முதல் முறை வரும்போது கோடு இன்னும் தன் இடத்தைக் கண்டுபிடித்திருக்காது. அந்த எண் பெரும்பாலும் வீண். இரண்டாவதில் எல்லாம் நிலைபெறும். எச்சரிக்கையான ஏற்பி அடுத்தடுத்த இரண்டு எண்கள் ஒன்றாக இருந்தால்தான் நம்பும். இரைச்சல் தற்செயலாக நம் 24 பிட்களைப்போல் அமைய 1 கோடியே 67 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. இரண்டு முறை தொடர்ந்து அமைவது நடவாத காரியம். அதன்பிறகே 20 பிட் அடையாளத்தை ஏற்பி தன் நினைவில் உள்ளதோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் மணி அடிக்கும். எதிர் வீட்டு ஏற்பியும் இதே வேலைகளையெல்லாம் இதே வெற்றியோடு செய்து முடித்துவிட்டது. எண்ணையும் சரியாகவே படித்தது. தன்னுடையது இல்லை என்று தெரிந்ததால் பேசாமல் இருக்கிறது.

கதவுக்கும் இதே பொத்தானா?

எதிர் வீட்டு ஏற்பி படிக்கிறது என்றால், 433.92 மெகாஹெர்ட்ஸில் காது வைத்திருக்கும் எவரும் படிக்கலாம் என்று பொருள். இ.வி.1527 ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைத்தான் அனுப்புகிறது. ஒருமுறை பதிவு செய்தவர் அதையே திரும்ப அனுப்பினால், மணிப் பெட்டிக்கு வேறுபாடு தெரியாது. அழைப்பு மணியில் இதனால் பெரிய கேடில்லை. வாகனக் கூடத்தின் கதவிலும் வீட்டுப் பூட்டிலும் கேடுண்டு. கார்ச் சாவிகளில் பெரும்பாலும் வேறு முறை இருக்கிறது; ஒவ்வோர் அழுத்தத்துக்கும் எண் மாறும், பழைய எண்ணை ஏற்பி ஏற்காது. கடைகளில் இதை ரோலிங் கோட் என்பார்கள். கதவுக்கு ரிமோட் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் இதைக் கேளுங்கள். ரோலிங் கோட் இல்லையென்றால், எவ்வளவு மலிவானாலும், கதவுக்கு அதை வாங்காதீர்கள்.